தொண்ணூறு மீட்டர் பின்னால்

ஆத்திரத்தில் எழுதினாலும் என் கையெழுத்து கோணாது. தலைமையாசிரியைக்கு அன்று நான் எழுதிய கடிதத்தைப் பார்த்தால், அது கோபத்தில் எழுதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்தாம் வகுப்புக்குத் திங்கள், வியாழன் இரண்டு நாளும் கடைசிப் பாடவேளை கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் நலன் கருதி அதைக் கணக்குக்கே திருப்பித் தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டிருந்தேன். ‘பணிவுடன்’ என்ற சொல்லை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கலாம்.

திருவண்ணாமலையில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தேழு வருஷமாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். என் பாடவேளையை விளையாட்டு விழாவுக்குக் கேட்டிருக்கிறார்கள், தடுப்பூசி போட வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், மரம் நட வந்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் கொடுத்ததில்லை. அந்த வருஷம்தான் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கால அட்டவணையில் இரண்டு கட்டத்தை அடித்து, ‘நிரலாக்கமும் வாழ்க்கைத் திறனும்’ என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

அந்த வகுப்பை எடுக்கக் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கணினி ஆசிரியை வந்திருந்தார். தற்காலிக வேலை, வயது முப்பதுக்குள். ஸ்கூட்டியில் வருவார், தோளில் பெரிய ரெக்சின் பை ஒன்று தொங்கும். அந்தப் பைக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று சொல்ல முடியாது. கேஸ் ரெகுலேட்டர், ஃபியூஸ் கேரியர், மிக்சி ஜாரின் வாஷர், பாதி தின்ற மாத்திரை அட்டை, ஊசி நூல், ரயில் முன்பதிவுப் படிவம், எல்லாம் வரும். பாதி நேரம் பிள்ளைகள் இவற்றைக் கழற்றி மாட்டுவார்கள், படிவம் நிரப்புவார்கள், மாத்திரை காலாவதியான தேதியைத் தேடிப் படிப்பார்கள். மீதி நேரம் மடிக்கணினியில் நிரல் எழுதுவார்கள். பத்து மடிக்கணினியில் ஆறுதான் ஓடும். பிள்ளைகள் அந்த வகுப்புக்கு ‘பை பீரியடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கேஸ் மாட்டுவதை வீட்டில் அம்மா சொல்லித் தர மாட்டாளா? இருபடிச் சமன்பாட்டை எந்த அம்மா சொல்லித் தருவாள்? வீட்டில் கிடைக்காததைக் கொடுக்கத்தானே பள்ளிக்கூடம்? நிரல் எழுத வேண்டுமென்றால் பிளஸ் ஒன்னில் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு எழுதட்டுமே. ஆசிரியர் அறையில் தமிழ் அம்மா, “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மேடம்” என்றார். “ஏடு இல்லாம பாஸ் பண்ண முடியாது மேடம், அப்புறம் கறிக்கும் வழியிருக்காது” என்றேன். அதற்கப்புறம் என்னிடம் யாரும் பழமொழி சொல்லவில்லை.

ஒரு நாள் ஆசிரியர் அறையில் மின்சாரம் போனது. வருகைப் பதிவேட்டை விசிறியாக்கிக்கொண்டு பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். அத்தனை பேரும் பட்டதாரிகள், இரண்டு பேர் இயற்பியல் வேறு. பத்தாம் வகுப்புப் பெண்கள் இருவர் கணினி ஆசிரியையோடு வந்தார்கள். மெயினை அணைத்தார்கள், ஃபியூஸைப் பிடுங்கிப் புதுக் கம்பி சுற்றினார்கள், மாட்டினார்கள். மின்விசிறி சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும், “போங்க, போங்க, கிளாஸுக்குப் போங்க” என்றேன். நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் இவ்வளவு குதித்ததற்குக் காரணம் ஒரு மாணவி. அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். அப்பா அரை ஏக்கரில் பூ போட்டிருக்கிறார். கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு என்பதால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா வாசலில் மேசை போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்பார். பெண் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையையே பார்ப்பாள், நான் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவாள். தாளைத் திருத்தும்போதுதான் அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று தெரியும். காலாண்டில் கணக்கில் இருபத்திரண்டு வாங்கினாள். மைனஸ் போட்ட குறை எண் வந்த இடமெல்லாம் வெள்ளையாக விட்டிருந்தாள்.

கையெழுத்துப் போட அவளுடைய அப்பா வந்தார். “டீச்சர், இது சும்மா போய்ட்டுப் போய்ட்டு வருது. பூ எடுக்க ஆளே கெடைக்கல. அரையாண்டுல கணக்குல பாஸானா படிக்கட்டும். இல்லைன்னா ஊட்டோட நிறுத்திடறேன்” என்றார்.

“பத்தாவது முடிக்காம நிறுத்தாதீங்க. நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாப்பீங்க டீச்சர். அதோட மார்க் சொல்லணுமே” என்றார். சண்டைக்காரர் மாதிரி பேசவில்லை. களைத்துப்போனவர் மாதிரி பேசினார்.

அன்றைக்கே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். இனிமேல் பை பீரியடு கிடையாது, அந்த நேரத்தில் என்னிடம் வந்து கணக்குப் போட வேண்டும் என்றேன். வருஷம் தொடங்கியதிலிருந்து அவள் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அன்று பேசினாள்.

“மிஸ், பவுர்ணமி வரைக்கும் மட்டும் வுடுங்க மிஸ். ஒண்ணு செஞ்சினு இருக்கோம். முடிச்சிடறோம்.”

“இன்னா செய்யறீங்க?”

சொன்னாள். பௌர்ணமி தோறும் நடந்து வருகிற பெண்கள் ஜூஸ் குடித்துவிட்டு அவளுடைய அம்மாவிடம் கேட்பது ஒரே கேள்விதானாம், பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று. சிலர் அழாத குறையாகக் கேட்பார்களாம். அவர்கள் வீட்டுக் குளியலறைக்கு முன்னால் வரிசை நிற்குமாம். அதற்காக அவளும் இரண்டு தோழிகளும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பாதை முழுக்கக் காலடி எண்ணி நடந்து, எங்கெங்கே கழிப்பறை, எங்கெங்கே குடிநீர் என்று குறித்திருக்கிறார்கள். நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள அடையாளத்தைக் கைபேசியில் தொட்டால், அடுத்த கழிப்பறை எத்தனை மீட்டர் என்று அவர்கள் எழுதுகிற நிரல் சொல்லும்.

“கணக்குல இருபத்திரண்டு, கக்கூஸ் கணக்கெடுக்க மூணு ஞாயித்துக்கெழமையா?” என்றேன். நாக்கு அப்படி. அவள் தலைகுனிந்து நின்றாளே தவிர அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில், பௌர்ணமி வரைக்கும்தான், அதற்குமேல் ஒரு நாள் கிடையாது என்று விட்டேன். என் கடிதத்தையும் தலைமையாசிரியை, “பவுர்ணமி போகட்டும் மேடம், பேசலாம்” என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். எங்கள் ஊரில் எதையும் பௌர்ணமிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம்.

எனக்குச் சர்க்கரை உண்டு. முழங்காலும் சரியில்லை. ஆனாலும் முடிந்த மாதமெல்லாம் மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போய்விடுவேன். அந்த மாதம் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பிறந்தது. விடிந்ததும் கிளம்பினேன். பிள்ளைகள் செய்ததைக் கணினி ஆசிரியை என் கைபேசியில் போட்டுக் கொடுத்திருந்தார். சாமி கும்பிடப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. குற்றம் கண்டுபிடிக்கவும் போனேன்.

முதல் நாலு கிலோமீட்டர் ஒரு குற்றமும் அகப்படவில்லை. குடிநீர் என்ற இடத்தில் குடிநீர் இருந்தது. நிருதி லிங்கம் தாண்டிப் பெரிய புளியமரம் ஒன்றின் கீழே வந்தபோது எனக்கு அவசரமாக வந்துவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியும், அது சொல்லிக்கொண்டு வராது. அடையாளப் பட்டியலில் ‘பெரிய புளியமரம்’ இருந்தது, தொட்டேன். ‘அடுத்த கழிப்பறை 2300 மீட்டர்’ என்றது.

வேறு வழியில்லை, நடந்தேன். அந்த இரண்டேகால் கிலோமீட்டரைப் பற்றி விரிவாக எழுதினால் மரியாதையாக இருக்காது. வழியில் இருந்த சன்னதிகளில் நான் நிற்கவில்லை. திருநீறு கொடுக்க வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கினேன். எதிரே தெரிந்த முகமெல்லாம் சிரித்தது, நான் ஒருவருக்கும் சிரிக்கவில்லை. ஒருவழியாகக் கழிப்பறையை அடைந்தால் அங்கே வரிசை. எனக்கு முன்னால் பேத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க மொதல்ல போங்க” என்று வழி விட்டார். அவர் இருக்கும் திசையை இன்றைக்கும் கும்பிடலாம்.

வெளியே வந்து நன்றி சொல்லி, புளியமரத்திலிருந்து நிற்காமல் வந்த கதையைச் சொன்னேன். அவர் சென்னைக்காரர். “புளியமரத்துக்கிட்ட இருந்தே அடக்கினு வந்தீங்களா? ஐயோ, அங்கயே ஒண்ணு இருந்துச்சேங்க. எளநீர்க் குவியலுக்குப் பின்னால. நாங்களும் பாக்காம தாண்டிட்டோம், யாரோ சொன்னாங்கன்னு திரும்பிப் போய்ட்டு வந்தோம்.”

“திரும்பிப் போனீங்களா?” என்றேன்.

“ஆமாங்க. நூறு மீட்டர்தானே?”

அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கோ யாரோ தலைகீழாக நடந்தேன் என்று சொன்னது போல் இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த மலையைச் சுற்றுகிறேன், ஒரு நாளும் திரும்பி நடந்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் நடந்ததில்லை. துண்டு தவறிவிட்டால் பின்னால் வருகிறவர்களைக் கேட்போம், எடுத்து வந்தால் உண்டு. என் சித்தப்பா ஒரு தடவை வீட்டுச் சாவியைக் கோயில் வாசல் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டாவது கிலோமீட்டரில் ஞாபகம் வந்தது. திரும்பவில்லை. மீதிப் பன்னிரண்டையும் சுற்றிக்கொண்டு வந்துதான் எடுத்தார். பூட்டிய வீட்டு வாசலில் நாங்கள் அத்தனை பேரும் காத்திருந்தோம், ஒருவரும் அவரைப் பைத்தியம் என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சித்தப்பாவா ஞாபகத்துக்கு வருவார்? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது. பக்கத்தில் இருந்த கழிப்பறையை விட்டுவிட்டு ஒரு சர்க்கரைக்காரியை இரண்டேகால் கிலோமீட்டர் ஓடவிடுகிற வகுப்புக்கு என் பாடவேளையா? மீதி வழி முழுக்க, மறுநாள் சொல்ல வேண்டிய வசனத்தைத் தயார் செய்துகொண்டே நடந்தேன்.

திங்கட்கிழமை கடைசிப் பாடவேளைக்குக் கணினி அறைக்குப் போனேன். கதவருகில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கப்படவில்லை, அத்தனை பேரும் பெண்கள்தானே. இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். அந்த அடி அண்ணாமலைப் பெண் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்துகொண்டே என்னைக் கேட்டாள்.

“மிஸ், நீங்க புளியமரத்துக்கு முன்னாடி நின்னீங்களா, தாண்டியா?”

“அடியில.”

“இன்னா அடையாளம் அமுக்குனீங்க?”

“புளியமரம்தான்.”

டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டாள், நானும் நோயாளி மாதிரி பதில் சொன்னேன். அதே அடையாளத்தை அவளும் அழுத்தினாள். அதே 2300 வந்தது. கழிப்பறைப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். கடைசி வரியில் நிறுத்தினாள். இளநீர்க் குவியலுக்குப் பின்னால் இருந்த அந்தக் கழிப்பறை அங்கே இருந்தது. அதற்கு நேராக ‘13910 மீட்டர்’ என்று போட்டிருந்தது.

அப்புறம் அவள் முகம் மலர்ந்தது. தொலைத்த கம்மலைக் கண்டெடுத்தவள் மாதிரி எழுந்து நின்றாள்.

“தப்பு என்னுது மிஸ்! நான்தான் அப்படி எழுதினேன்.”

இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் அழுதுகொண்டோ, விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டோதான் ஒப்புக்கொண்டார்கள். தப்பு என்னுடையது என்று சந்தோஷமாக ஒரு பிள்ளை சொல்லி நான் கேட்டதே இல்லை. தோழிகள் கை தட்டினார்கள். ஒருத்தி எழுந்து போய்ச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் எழுதினாள். அப்போதுதான் அந்த அட்டையைப் பார்த்தேன். தலைப்பு ‘நாங்கள் கண்டுபிடித்த தப்புகள்’. வரிசையாக எண் போட்டு, கண்டுபிடித்தவர் பெயரும் போட்டிருந்தார்கள். முப்பத்தோராவது தப்புக்கு நேரே என் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

“எப்படி வந்தது இந்தப் பதிமூணாயிரம்?” என்று கேட்டேன். குரலில் கோபம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், இல்லை.

நோட்டைக் காட்டினாள். கோயிலிலிருந்து கழிப்பறை 4310 மீட்டர். மரம் 4400. கழித்தால் −90. அதற்குப் பக்கத்தில் அவள் கையால் எழுதியிருந்தாள்: ‘மைனஸ் வந்தால் பின்னால் போய்விட்டது. திரும்ப முடியாது. சுற்றித்தான் வரணும். 14000 கூட்டு.’

நான் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலாண்டில் குறை எண்ணை வெள்ளையாக விட்டவள் இவள். இங்கே பக்கம் பக்கமாகக் குறை எண்ணைக் கழித்திருக்கிறாள், கூட்டியிருக்கிறாள், காலடியை மீட்டராக மாற்ற விகிதம் போட்டிருக்கிறாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை. திரும்ப முடியாது என்று வைத்துக்கொண்டால் 13910 சரியான விடை. என் சித்தப்பா போட்ட அதே கணக்கு.

“இவ்ளோ கணக்கு தெரியுமா உனக்கு?”

அவள் விழித்தாள். “இது கணக்கா மிஸ்?”

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. அவளுக்குக் கணக்கு என்றால் என் குரல், என் சிவப்பு மை, என் பாடவேளை. பூந்தோட்டத்திலும் பாதையிலும் அவள் போடுவது வேறு ஏதோ.

கணினி ஆசிரியையைப் பார்த்தேன். மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “இத நீங்க முன்னாடியே பாக்கலையா?” என்றேன். “பாத்திருக்கணும் மேடம். ஆனா நான் வெளியூரு. பின்னால இருக்கறத இவங்க கணக்குலயே எடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போறப்ப எதாவது தாண்டிட்டா திரும்பிடுவோம்” என்றார். என்னைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் குணம் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பிள்ளைகளிடமும் விடையைச் சொல்ல மாட்டார். பையை அவர்கள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அப்படித் தள்ளி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

அதற்கப்புறம் அங்கே நடந்தது என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நல்ல வகுப்பு. திரும்பலாமா கூடாதா என்று விவாதம் கிளம்பியது. பாவம் என்றாள் ஒருத்தி. அடக்கிக்கொண்டு நடந்தால் மட்டும் புண்ணியமா என்றாள் இன்னொருத்தி. கோயிலில் பூஜை செய்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, அப்பாவைக் கேட்டுவந்து சொல்கிறேன் என்றாள். வியாழக்கிழமை பதிலோடு வந்தாள். “முடியாதவங்க திரும்பினா சாமி கோச்சுக்காதுன்னாரு அப்பா. ஓரமா, கூட்டத்த இடிக்காம போணுமாம்.” அந்தக் கடைசி வரியையும் நிரலில் சேர்த்தார்கள்.

குறை எண்ணோ மிகை எண்ணோ, தூரம் மட்டும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளைகள் தடுமாறினார்கள். சுண்ணாம்புக் கட்டி என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. −90-க்கு இரண்டு பக்கமும் இரண்டு கோடு போட்டு, குறியை விட்டு அளவை மட்டும் எடுக்கிற ‘மட்டு மதிப்பு’ என்று எழுதினேன். “ஓ, அதுக்குத்தான் இதுவா!” என்றது வகுப்பு. வருஷா வருஷம் அந்த இரண்டு கோட்டைப் போடுகிறேன், அதற்கு ஒரு ‘ஓ’ வந்தது அன்றைக்குத்தான். இப்போது அந்த நிரல் கேட்கிறது: ‘90 மீட்டர் பின்னால் ஒன்று இருக்கிறது. திரும்புகிறீர்களா? ஆம் / இல்லை.’ இல்லை என்றால் முன்னால் இருப்பதைக் காட்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்காக அந்த ‘இல்லை’.

அந்தத் திங்களுக்கு மறுநாளே தலைமையாசிரியையின் அறைக்குப் போய், என் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். எடுத்துக் கொடுத்தார். என் மனசு ஒரேயடியாக மாறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வில் கழிப்பறை கேட்க மாட்டார்கள், இருபடிச் சமன்பாடுதான் கேட்பார்கள். அரையாண்டுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அந்தப் பெண் பை பீரியடுக்கும் போகட்டும், சாப்பாட்டு இடைவேளையில் என்னிடமும் வரட்டும் என்று ஏற்பாடு செய்தேன். புளிசோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டோம். “ஏன் தப்பாச்சு?” என்று கேட்பது என் வழக்கம். கணினி ஆசிரியை கேட்பதைப் பார்த்து, “எங்க தப்பாச்சு?” என்று கேட்கப் பழகினேன். ‘ஏன்’ என்றால் அவள் தலைகுனிவாள். ‘எங்க’ என்றால் தாளைப் பார்ப்பாள். ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறதென்று ஐம்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன்.

அரையாண்டுத் தாளைத் திருத்த உட்கார்ந்தபோது அவளுடையதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். வெள்ளையாக விட்ட இடம் ஒன்றுகூட இல்லை. கூட்டினேன், முப்பத்தி நாலு. மறுபடி கூட்டினேன், முப்பத்தி நாலேதான். பாஸுக்கு ஒன்று கம்மி. அவளுடைய அப்பாவின் குரல் காதில் கேட்டது. பேனாவை எடுத்து மேலே முப்பத்தைந்து என்று வட்டம் போட்டேன். கூட்டலில் நான் தப்பே செய்ததில்லை. அன்றைக்குத் தெரிந்தே செய்தேன். அதற்காக இன்றும் ரொம்ப வருத்தப்படவில்லை.

தாளைக் கொடுத்த மறுநாள் இடைவேளையில் அவள் வந்தாள். கையில் தாள்.

“மிஸ், கூட்டல் தப்பா இருக்குது. நான் மூணு வாட்டி கூட்டிட்டேன். முப்பத்தி நாலுதான் வருது.”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “அது இருக்கட்டும். அப்பாகிட்ட காட்டி கையெழுத்து வாங்கினு வா” என்றேன்.

“ஃபெயில்தானே மிஸ்?”

“பாஸ்னு போட்டிருக்கேன் இல்ல? உங்கப்பா இன்னா சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்குது மிஸ்.” கண்ணில் பயம் இருந்தது, அதை நான் பார்த்தேன். “ஆனா இது தப்பு மிஸ். தப்புன்னு தெரிஞ்சும் அப்படியே வுட்டுட்டா, அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு நான் தேட மாட்டேன்.”

தாளை வாங்கினேன். முப்பத்தைந்தை அடித்தேன். பக்கத்தில் முப்பத்தி நாலு என்று எழுதினேன். அவள் போய்விட்டிருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். அதனால் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: ‘கூட்டலில் தவறு என்னுடையது. கணக்கு ஆசிரியை.’ கையெழுத்துப் போட்டேன். இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு வரியை எந்தத் தாளிலும் நான் எழுதியதில்லை. கையெழுத்து கோணிவிட்டது.

அன்று சாயங்காலம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மார்க்குக்கு ஒரு பெண்ணின் படிப்பைப் பறிகொடுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது. பாடம் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று தெரியாது.

பதினோரு மணிக்கு ஆசிரியர் அறைக்கு அவளுடைய அப்பா வந்தார். பின்னால் அவள். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், இருவர் கையிலும் பூவின் பச்சை வாசனை. அவர் தாளை மேசைமேல் விரித்தார்.

“காலையில பூ எடுக்க வச்சேன் டீச்சர். எடுத்துனே வந்துது, ஒண்ணும் பேசல. அப்புறம் இதக் காட்டுச்சு. ஃபெயில்தானே இது?”

“ஃபெயில்தாங்க. ஒரு மார்க்.”

“கீழ இன்னாமோ எழுதியிருக்கீங்களே. இது படிச்சுக் காட்டுச்சு. நீங்க வாயால சொல்லுங்க, நான் கேக்கறேன்.”

வாசித்தேன்.

“நெஜமாவே நீங்க தப்பா போட்டு, இது வந்து சொல்லுச்சா?”

“ஆமாங்க. பாஸ் போட்டிருந்தேன். இவதான் இல்லைன்னு சொன்னா.”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“பாஸாகலைன்னா நிறுத்துவேன்னுதான் சொல்லியிருந்தேன்” என்றார். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “வாத்தியாரையே தப்புன்னு சொல்லித் திருத்திட்டு வந்திருக்குது. அதுவும் தனக்கு நட்டமாவுற தப்பு. இதப் போய் எங்கங்க நிறுத்தறது?”

“போ, கிளாஸுல போய் ஒக்காரு” என்றார் மகளிடம்.